‘நான் எழுத்தாளர்’ என்று நாளும் சொல்லிக்கொள்ளலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் வசிக்கும் ஆசிரியை, நாற்பது வயதை நெருங்குகிறேன், இரண்டு பிள்ளைகளின் தாய். பல வருடங்களாகச் சிறுகதை எழுதிவருகிறேன். அவற்றுள் சில வார இதழ்களிலும் பிரதேச சாகித்திய விழா மலர்களிலும் வெளிவந்துள்ளன. ஆனாலும் கல்யாண வீட்டிலோ கோயில் திருவிழாவிலோ யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், ஆசிரியை என்று சொல்வேனே தவிர எழுத்தாளர் என்று சொல்ல நா எழுவதில்லை. அண்மையில் ஓர் எழுத்துப் பயிற்சிப் பட்டறையில், ஒவ்வொரு நாளும் காலையில் கண்ணாடியின் முன் நின்று ‘நான் ஓர் எழுத்தாளர்’ என்று முப்பது முறை சொல்லும்படி கற்பித்தார்கள். சொல்லிவருகிறேன். சொல்லச் சொல்லப் பொய் சொல்வது போன்ற கூச்சம்தான் மிகுகிறது. எழுத உட்காரவும் மனம் பின்வாங்குகிறது. இந்தப் பழக்கத்தைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம், ஆனால் இப்போது செய்யும் விதத்தில் தொடரவும் வேண்டாம். அந்த வாக்கியத்தைக் கண்ணாடியின் முன்னிருந்து எடுத்து, நீங்கள் எழுதும் கொப்பிக்குள் கொண்டுவந்து வையுங்கள். அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கத்தை இன்றைய வடிவில் பரப்பியவர்களுள் முதன்மையானவர், பிரான்ஸ் நாட்டில் நான்சி நகரில் வாழ்ந்த எமில் கூயே (1857–1926) என்ற மருந்தாளர். ‘ஒவ்வொரு நாளும், எல்லா வகையிலும், நான் மேலும் மேலும் நலமடைந்து வருகிறேன்’ என்ற ஒரே வாக்கியத்தைக் காலையில் கண் விழித்ததும் இரவில் உறங்குமுன்னும் 20 முறை முணுமுணுக்கும்படி அவர் தம்மிடம் வந்தவர்களுக்குச் சொன்னார். எண்ணிக்கை தவறாதிருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றையும் வைத்துக்கொள்ளச் சொன்னார். (செபமாலையும் உருத்திராக்கமும் தஸ்பீஹும் அடுத்தடுத்த தெருக்களில் உருளும் நமது கிழக்கிலங்கைப் பகுதியில் அந்தக் கயிற்றுக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை.) ஆனால் அவரது போதனையில் பலரும் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. மன உறுதி ஒரு பக்கமும் கற்பனை மறு பக்கமும் இழுத்தால் எப்போதும் கற்பனையே வெல்லும் என்றும், ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு முயன்று சொல்லும் வாக்கியம் நேர்மாறான பலனையே தரும் என்றும் அவர் எச்சரித்திருந்தார். நீங்கள் கண்ணாடியின் முன் படும் பாடு அதுதான். வாய் ஒன்றைச் சொல்ல, உள்ளே இன்னொரு குரல் ‘எங்கே உன் புத்தகம்?’ என்று கேட்கிறது. முப்பது முறை சொன்னால் அந்தக் குரலும் முப்பது முறை கேட்கும்.

இதைப் பிற்காலத்தில் பரிசோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ‘நான் அன்புக்குரியவர்’ என்ற பொருள்படும் வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். தம்மைப் பற்றி ஏற்கெனவே நல்லெண்ணம் கொண்டிருந்தவர்களுக்கு அது சிறிதளவு உதவியது. தம்மைத் தாழ்வாகக் கருதியிருந்தவர்களோ, அந்த வாக்கியத்தைச் சொல்லாதிருந்தவர்களைவிட மோசமான மனநிலைக்கே சென்றார்கள். மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே உங்கள் கூச்சத்தை மனப்பலவீனம் என்று எண்ணி வருந்த வேண்டாம்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஒக்டேவியா பட்லர் என்ற அமெரிக்க நாவலாசிரியை 1988ஆம் ஆண்டளவில் தமது குறிப்புக் கொப்பியொன்றில், தாம் அதிகம் விற்பனையாகும் நூல்களின் ஆசிரியராக ஆகப்போவதாகவும், தாய்க்கு நல்ல மருத்துவ வசதி செய்து கொடுக்கப்போவதாகவும், வறிய கறுப்பினப் பிள்ளைகளை எழுத்துப் பட்டறைகளுக்கு அனுப்பப்போவதாகவும் உறுதிமொழிகளை வரிசையாக எழுதி, ‘அப்படியே ஆகட்டும், அதை நடத்திக் காட்டு’ என்று தமக்கே கட்டளையும் இட்டுக்கொண்டார். இன்று அந்தக் கொப்பி கலிபோர்னியாவிலுள்ள ஹன்டிங்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. உறுதிமொழிகளின் வலிமைக்குச் சான்றாக அதன் படத்தை எல்லோரும் பகிர்கிறார்கள். பகிர்பவர்கள் கவனிக்கத் தவறுவது இரண்டு விடயங்களை. ஒன்று, அந்த வரிகளை எழுதும்போது அவர் பல நாவல்களை வெளியிட்டு, அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதும் பெற்றிருந்தவர். கூலி வேலைகளுக்குப் போன காலத்தில் விடியுமுன் எழுந்து எழுதிப் பழகியவர். மற்றது, அவர் விரும்பிய அந்த விற்பனைப் பட்டியலில் அவருடைய நாவல் இடம்பெற்றது 2020இல். அவர் 2006இலேயே காலமாகிவிட்டார். வாக்கியம் பலித்ததா இல்லையா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கலாம். இடைப்பட்ட வருடங்களில் அவர் எழுதியவை நமக்குக் கிடைத்தன என்பதில் விவாதம் இல்லை.

இனி நமது மண்ணிலேயே இதற்கு ஒரு முறை இருப்பதைப் பாருங்கள். மட்டக்களப்புக் கூத்தில் ஒருவர் தருமராகவோ அருச்சுனனாகவோ ஆவது எப்படி? கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் குரலையும் உடல்வாகையும் பார்த்து ஆளைத் தெரிந்து, அவருடைய பாட்டுகளும் வசனங்களும் அடங்கிய சட்டத்தைக் கையில் கொடுக்கிறார். அந்தச் சட்டத்தின் தொடக்கத்திலேயே அவருடைய வரவுப் பாட்டு இருக்கிறது. இன்ன அரசன், இன்ன பெருமையுடையவன் வருகிறான் என்று சபைக்கு அறிவிக்கும் பாட்டு. பகல் முழுவதும் வயலில் நின்றவர், தாளக்கட்டு இன்னும் காலுக்குப் பிடிபடாத நிலையில், முதற்கிழமையிலேயே அந்தப் பாட்டைப் பாடத் தொடங்குகிறார். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை; அவருக்கும் கூச்சம் இருப்பதில்லை. ஏனென்றால் அவர் அதை வெறுமனே நின்று சொல்லவில்லை; மத்தளத்துக்கு ஆடிக்கொண்டே பாடுகிறார். ஆட்டம் ஓரளவு கைவந்த பின்னர் சதங்கை அணிவிக்கிறார்கள். பிறகும் பயிற்சி தொடர்கிறது. அரங்கேற்றம் அதற்கும் அப்பால். அரசனாகிவிட்ட பின்புதான் வரவுப் பாட்டைப் பாடுவேன் என்று அவர் காத்திருக்கவும் இல்லை, பாட்டைப் பாடிவிட்டு ஆடாமல் வீட்டுக்குப் போகவும் இல்லை. ‘நான் எழுத்தாளர்’ என்பது உங்களுடைய வரவுப் பாட்டு. பேனை அசையும் நேரத்தில் அதைச் சொன்னால் பொருந்தும்; பல் துலக்கும் நேரத்தில் சொன்னால் கூசத்தான் செய்யும்.

அன்றாடம் செய்யக்கூடியதற்கு வருகிறேன். காலையில் கொப்பியைத் திறந்ததும் முதல் வரியாக, உங்கள் உள்குரலால் மறுக்க முடியாத ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். ‘நான் சிறந்த எழுத்தாளர்’ என்பதை அந்தக் குரல் உடனே மறுக்கும். ‘நேற்று வாவிக்கரைக் காட்சியின் பாதியை எழுதினேன், இன்று அந்தப் பெண் வீடு திரும்பும் இடத்தை எழுதுகிறேன்’ என்பதை மறுக்க அதற்கு வழியில்லை. அதன் கீழ் அன்றைய பந்தியைத் தொடங்கிவிடுங்கள். எழுதி முடித்த பிறகு விரும்பினால் ‘எழுத்தாளர்’ என்ற சொல்லைப் பெயருக்குப் பின்னால் போட்டுத் திகதியிட்டுக் கையெழுத்திடுங்கள். அந்த வேளையில் அது கூசாது. உறுதிமொழி நேரத்தை முன்கூட்டியே ஒரு நிகழ்வுடன் முடிச்சிட்டு வைப்பதும் பலன் தரும். ‘நாளை எழுதுவேன்’ என்பதைவிட, ‘பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்துவதற்கு முன், உலையை ஏற்றியதும் குசினி மேசையில் உட்காருவேன்’ என்று இடத்தையும் வேளையையும் குறித்து வைப்பவர்கள் சொன்னதைச் செய்வது அதிகம் என்பதை, பீட்டர் கோல்விட்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் 1990களிலிருந்து செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மனம் மிகவும் சோர்ந்திருக்கும் நாட்களுக்கு இன்னொன்றைச் சொல்கிறேன். குளோட் ஸ்டீல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1988இல் முன்வைத்த கருத்தின்படி, அடிபட்ட இடத்தையே புகழ்ந்துகொள்வதைவிட, வாழ்க்கையில் நாம் உயிராக மதிக்கும் ஒன்றைப் பற்றி எழுதுவது மனதை நிமிர்த்தும். கதை திரும்பி வந்த அன்று ‘நான் திறமைசாலி’ என்று எழுதாமல், எந்த மனிதரின் வாழ்வு சொல்லப்படாமல் போய்விடக் கூடாது என்பதற்காக அந்தக் கதையை எழுதினீர்களோ, அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள்.

எஞ்சியிருப்பது கல்யாண வீட்டுக் கேள்வி. எழுத்தாளர் என்ற சொல்லை ஒரு தொழிற்பெயராக எண்ணுவதால்தான் உங்கள் நா எழ மறுக்கிறது என்று நினைக்கிறேன். இந்தப் பகுதியில் எழுத்தை மட்டும் நம்பி அடுப்பெரித்தவர்கள் அரிது. பெயர் பெற்ற நம் எழுத்தாளர்களுள் பெரும்பாலானோர் ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், அதிபர்கள். பிரதேச செயலகத்துப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ஆசிரியர் என்றுதான் அவர்களும் நிரப்பினார்கள். நீங்களும் அவ்வாறே நிரப்புங்கள். ஆனால் வீட்டாரிடம் சொல்லத் தயங்காதீர்கள். ‘விடியற்காலையில் இந்த அரை மணித்தியாலம் நான் எழுதும் நேரம், அப்போது என்னைக் கூப்பிட வேண்டாம்’ என்று குடும்பத்தாருக்கு ஒரு தடவை தெளிவாகச் சொல்வது, கண்ணாடிக்கு முப்பது தடவை சொல்வதைவிடக் கடினமானது, நம் வீடுகளில் பெண்களுக்கு இன்னும் கடினமானது. கண்ணாடி உங்களுக்கு நேரம் தரப்போவதில்லை.

கேள்வி: அக்கரைப்பற்றைச் சேர்ந்த இளைஞன் நான். நாவலொன்றின் முதல் அத்தியாயத்தை எழுதியதும், உற்சாகத்தில் முகநூலில் என் பெயருக்குக் கீழ் ‘நாவலாசிரியர்’ என்று போட்டேன். வாழ்த்துகள் குவிந்தன. அதன் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. உலகுக்கு அறிவித்துவிட்டால் பின்வாங்க முடியாது என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: சொல்கிறார்கள். முன்பு குறிப்பிட்ட கோல்விட்சர் 2009இல் தம் சகாக்களுடன் வெளியிட்ட இன்னோர் ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. சட்டம் போன்ற துறைகளைப் படிக்கும் மாணவர்கள், நல்ல சட்டத்தரணியாக வருவதற்கு என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை இன்னொருவர் வாசித்து அறிந்துகொண்டார் என்று உணர்ந்தவர்கள் பின்னர் அந்த வேலையில் குறைந்த அளவே முயன்றார்கள். தம் நோக்கத்தை எவரும் கவனிக்கவில்லை என்று எண்ணியவர்கள் கூடுதலாக முயன்றார்கள். அடையாளத்தைப் பிறர் ஏற்றுக்கொண்டுவிட்டால், அடைய வேண்டியதை அடைந்துவிட்ட நிறைவு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. உங்களுக்கு வாழ்த்துகள் கிடைத்தன. நாவல் கொடுத்திருக்க வேண்டிய மகிழ்ச்சியின் ஒரு பங்கை அவை கொடுத்துவிட்டன.

மேலே களுவாஞ்சிகுடி ஆசிரியையிடம் வீட்டாருக்குச் சொல்லுங்கள் என்றேன்; உங்களிடம் ஊருக்குச் சொல்லாதீர்கள் என்கிறேன். முரண் என்று எண்ண வேண்டாம். அவர் சொல்வது நேரம் கேட்டு. நீங்கள் சொன்னது பாராட்டு வேண்டி.

அடையாளத்தைச் சூடிக்கொள்ளும் ஆசையே தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். உங்கள் ஊரிலிருந்து வடக்கே கரையோர வீதியில் போனால் பெரியநீலாவணை வரும். அங்கே பிறந்த கே. சின்னத்துரை என்ற ஆசிரியர் தம் ஊரின் பெயரையே தம் பெயராக்கி நீலாவணன் ஆனார். ஒரு புனைபெயர் என்பதும் ஓர் உறுதிமொழிதான். கவிதை எழுதும் ஒவ்வொரு தடவையும் கீழே அந்தப் பெயரைப் போட வேண்டியிருக்கிறது. ஆனால் எழுதினால்தான் போட முடியும். அவர் கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தினார்; ‘பாடும்மீன்’ என்ற சஞ்சிகையை வெளியிட்டார்; ஏராளமான கவிதைகள் எழுதினார். 1975இல் 43 வயதில் மறைந்தார். அவருடைய முதல் தொகுதியான ‘வழி’ அதற்கடுத்த ஆண்டுதான் வெளிவந்தது. தம் பெயர் பொறித்த கவிதை நூலொன்றைக் கையில் ஏந்தாமலே போன அவரை, உயிரோடிருந்தபோதே ஈழத்தின் முதல் வரிசைக் கவிஞர்களுள் வைத்து மதித்தார்கள்.

முகநூலிலுள்ள அந்தச் சொல்லை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள். இரண்டாம் அத்தியாயத்தை முடித்ததும் நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் வாழ்த்துபவராக இல்லாமல், எங்கே கதை தளர்கிறது என்று சொல்லக்கூடியவராக இருக்கட்டும்.

கேள்வி: வாழைச்சேனையிலிருந்து எழுதுகிறேன். என் மனைவி ‘நான் எழுதப் பிறந்தவள்’ என்று தாளில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். வருபவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். கழற்றச் சொல்லலாமா?

பதில்: கழற்றச் சொல்ல வேண்டாம். அவர் எழுதும் வேளையில் தேநீரை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், வருபவர்களுக்கும் சேர்த்து. தாள் சில மாதங்களில் எண்ணெய் பட்டுத் தானே மங்கிவிடும். அதற்குள் அவருடைய கொப்பியில் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு வாசியுங்கள். வாசித்த பிறகு சிரிக்கத் தோன்றினால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நான் சாய்ந்தமருதைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி. என் உம்மம்மாவுக்கு நூற்றுக்கணக்கான கவிகள் மனப்பாடம். சந்தர்ப்பத்துக்கு ஏற்பப் புதிதாகக் கட்டியும் சொல்வார். ஒருநாளும் தன்னைக் கவிஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை. அவருக்குத் தேவைப்படாத அறிவிப்பு எனக்கு ஏன் தேவைப்படுகிறது? இது எங்கள் தலைமுறையின் தற்பெருமைதானா?

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளுள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

உங்கள் உம்மம்மாவுக்கு அறிவிப்புத் தேவைப்படாமைக்குக் காரணம் தன்னடக்கம் மட்டும் அல்ல. வயலில் பரண்மேல் காவல் இருந்தவர்களும், வீட்டில் நெல் குத்திய பெண்களும் சொன்ன அந்த நான்கு வரிக் கவிகளுக்குக் கேட்பவர் எதிரிலேயே இருந்தார். சொன்ன மறுகணமே மச்சியோ மதினியோ சிரித்தார்கள், கண் கலங்கினார்கள், எதிர்க்கவி சொன்னார்கள், மறுநாள் வேறொரு வாசலில் அதைத் திரும்பச் சொன்னார்கள். தான் யார் என்ற கேள்வி எழுவதற்கே அங்கே இடைவெளி இருக்கவில்லை. உங்களுக்கோ எழுதுவதற்கும் வாசிக்கப்படுவதற்கும் நடுவே மாதங்களோ வருடங்களோ கிடக்கின்றன. பதில் வராத அந்தக் காலம் முழுவதும் நீங்கள்தான் உங்களுக்குச் சாட்சி. அந்த வெற்றிடத்தில் ஒருவர் தமக்குத்தாமே ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டால், அதைத் தற்பெருமை என்று நான் கருதமாட்டேன்.

உம்மம்மாவின் அடக்கத்துக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் நாட்டார் கவிகள் பல தொகுப்புகளாக அச்சில் வந்திருக்கின்றன. தொகுத்தவரின் பெயரை அட்டையில் காணலாம். ஆனால் அக்கவிகளைக் கட்டிய பெண்களின் பெயர்களைப் பெரும்பாலும் காண முடியாது. வாய்மொழியாக வருவது ஊருக்குப் பொது என்பது உண்மைதான்; ஆனாலும் ஓர் இழப்பின்போதோ பிரிவின்போதோ ஒருத்தி தன் துயரத்திலிருந்து பிரித்தெடுத்த வரிகள்கூடப் பொதுக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டன. தன்னைக் கவிஞர் என்று ஒருத்தி சொல்லாததால் அவளுடைய கவி கெட்டுவிடவில்லை. அவள் இருந்தாள் என்பதற்கான தடயம்தான் போய்விட்டது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் அன்றாடப் பயிற்சி மற்றவர்களுக்குச் சொன்னதிலிருந்து சற்று வேறானது. உங்கள் விடுமுறை நாட்களில் உம்மம்மாவின் அருகில் உட்கார்ந்து நாளுக்கு ஒரு கவியைக் கேட்டு எழுதுங்கள். அவர் கேட்டுப் பழகியது எது, தானே கட்டியது எது என்று விசாரியுங்கள். அவர் கட்டியதாயின் கீழே அவருடைய முழுப் பெயரையும், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது என்பதையும் குறித்து வையுங்கள். அவர் வெட்கப்பட்டு ‘என் பேரை ஏன் போடுறாய் மகள்’ என்று தடுத்தால், அவருடைய விருப்பத்தைக் கேட்டு அதற்கேற்ப நடந்துகொள்ளுங்கள். அதே கொப்பியின் எதிர்ப் பக்கத்தில் அன்று நீங்கள் எழுதிய வரிகளை எழுதி, அவற்றின் கீழ் உங்கள் பெயரைப் போடுங்கள். அவருடைய கவிகள் கைவசம் சேர்ந்ததும் தட்டச்சுச் செய்து ஒரு பிரதியை உங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று விசாரியுங்கள்.